மலை இறங்கும் வண்டிக்கு என்ன கூலி?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆதரவாளர்களே,

உங்களில் சிலர் எங்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "108 இலவசமாய் ஓடுகிறதே, பின்னே உங்கள் நோயாளிகள் ஏன் ஆம்புலன்சுக்குப் பணம் கட்டுகிறார்கள்? அதற்கு அரசாங்கம் வைத்த கட்டணம் ஒன்றும் இல்லையா?" என்பதே அது. நியாயமான கேள்வி. காணிக்கை அனுப்புகிறவர்களுக்கு இதற்குத் தெளிவான பதில் சொல்வது எங்கள் கடமை. ஆகவே இந்த இதழில் அதைப் பற்றி விரிவாய் எழுதுகிறோம்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். சென்ற காப்பிப் பருவத்தில் வாழவந்திப் பக்கத்திலிருந்து வயதான ஒரு தோட்டத் தொழிலாளியை மூச்சுத் திணறலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு, இவரை உடனே சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். 108 வண்டி அந்நேரம் வேறொரு நோயாளியோடு மலை இறங்கிக்கொண்டிருந்தது. மகன் தனியார் வண்டி ஒன்றுக்குப் போன் செய்தார். வண்டி வந்தது, புறப்பட்டது. மறுநாள் அந்த மகன் எங்களிடம் வந்து சொன்னார்: "பேசினது ஒரு காசுங்க ஐயா, எறங்கறப்போ கேட்டது இன்னொரு காசு. ஆக்சிஜனுக்குத் தனி, மலைக்குத் தனி, திரும்பிப் போறதுக்குத் தனின்னாங்க. அப்பாவ உள்ள வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க பேரம் பேசறது?"

தகப்பனார் பிழைத்துக்கொண்டார். தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் தாயாரின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. இன்னொன்றையும் மகன் சொன்னார். வழி நெடுக முகமூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தது அவர் மட்டுமே. வண்டியில் ஓட்டுநரைத் தவிர வேறு பணியாளர் ஒருவரும் இல்லை.

சட்டம் எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கியது. விபத்து, பிரசவம், மாரடைப்பு போன்ற அவசரங்களுக்கு அது இலவசம். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரின் உடலை வீட்டுக்குக் கொண்டுசெல்ல 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தியும் உண்டு. இவை ஏழைகளுக்குப் பெரிய ஆசீர்வாதம். ஆனாலும் 108 வேறு பணியில் இருக்கும்போதும், தனியார் ஆஸ்பத்திரிகளுக்கிடையே நோயாளியை மாற்றும்போதும், படுத்த படுக்கையாய் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பும்போதும் தனியார் வண்டியையே தேட வேண்டியிருக்கிறது.

தனியார் ஆம்புலன்சுக்குச் சட்டமே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மற்ற வண்டிகளைப் போலவே அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆம்புலன்ஸ் என்றே பதிவாக வேண்டும். எப்.சி. என்று நாம் சொல்லும் தகுதிச் சான்று வேண்டும். வண்டி எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ்.-125 என்ற தேசிய விதிமுறை இருக்கிறது. அது ஆம்புலன்சுகளை நான்கு வகையாய்ப் பிரிக்கிறது. 'ஏ' வகை, முதலுதவி செய்கிறவர் நோயாளியிடம் விரைந்து செல்வதற்கானது. 'பி' வகை, அவசரமில்லாத நோயாளியைக் கொண்டுசெல்வதற்கு. 'சி' வகையில் அடிப்படை உயிர்காப்புச் சாதனங்கள் இருக்கும். 'டி' வகை, வென்டிலேட்டர் போன்ற உயர்தரக் கருவிகளோடு கூடியது. வெளியே எல்லா வண்டியும் வெள்ளையாய், சைரனோடுதான் இருக்கும். உள்ளே இருக்கும் வித்தியாசமோ உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசமாகலாம். இந்த விதிமுறை வண்டியின் கட்டமைப்பைப் பற்றியது என்பதையும் கவனிக்க வேண்டும். வண்டி சரியாய் இருந்தாலும், நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்தால்தான் அதிலுள்ள கருவிகளால் பயன் உண்டு.

கட்டணத்தில்தான் பெரிய இடைவெளி. பஸ்சும் ஆட்டோவும் பர்மிட் பெற்று ஓடுகின்றன. ஆகவே பர்மிட் நிபந்தனைகளின் மூலம் அவற்றைக் கட்டுப்படுத்த வழி உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவோ, ஆம்புலன்சுக்கு மட்டுமே பயன்படும் வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்கிறது. உயிர் காக்கும் வண்டி காகிதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் கொடுத்த விலக்கு அது. ஆனால் அதனாலேயே, ஆட்டோவுக்கு இருக்கிற பிடி ஆம்புலன்சுக்கு இல்லாமற்போயிற்று.

கொரோனா காலத்தில் இது வெட்டவெளிச்சமானது. நாடெங்கும் புகார்கள் எழுந்தன. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கொரோனா நோயாளிகளுக்கான ஆம்புலன்ஸ் கட்டணத்தை ஒவ்வொரு மாநிலமும் நியாயமான அளவில் நிர்ணயிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2021 மே மாதத்தில், இரண்டாம் அலையின் உச்சத்தில், தமிழக அரசு தனியார் ஆம்புலன்சுகளுக்குக் கட்டணம் அறிவித்தது. சாதாரண வண்டிக்கு முதல் 10 கிலோமீட்டருக்கு 1,500 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 25 ரூபாய். ஆக்சிஜன் வசதியுள்ள வண்டிக்கு 2,000 ரூபாயும், மேற்கொண்டு கிலோமீட்டருக்கு 50 ரூபாயும். வென்டிலேட்டர் உள்ள வண்டிக்கு 4,000 ரூபாயும், மேற்கொண்டு கிலோமீட்டருக்கு 100 ரூபாயும்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அந்த அறிவிப்பின்படி கணக்கிட்டால் சாதாரண வண்டிக்கு 2,000, ஆக்சிஜன் வண்டிக்கு 3,000, வென்டிலேட்டர் வண்டிக்கு 6,000 ரூபாய் ஆகும். வாழவந்தி போன்ற ஊர்களிலிருந்து வருவோருக்கு இன்னும் கொஞ்சம் கூடும். அது கொள்ளைநோய்க் கால நெருக்கடியில் செய்த ஏற்பாடு. என்றாலும், ஆம்புலன்சுக்கு ஒரு கணக்கு வைக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

ஓட்டுநரின் பக்கமும் கேட்போம்

இங்கே நாங்கள் ஒன்றை நேர்மையாய்ச் சொல்ல வேண்டும். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பேராசைக்காரர் அல்லர். அவர்களில் பலர் எங்களுக்குப் பழக்கமானவர்கள். இரவு இரண்டு மணிக்கும் பனிமூட்டத்தில் வருகிறவர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும் பாதையில் டீசலும் பிரேக்கும் டயரும் சமவெளியைவிட அதிகமாய்த் தேய்கின்றன. போகும்போது நோயாளி, திரும்பும்போது வெறும் வண்டி. சேலத்தில் படுக்கை கிடைக்கும்வரை வாசலிலே காத்திருப்பு. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் பாதி நாள் போய்விடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததை நீங்கள் அறிவீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் குப்பனூர் வழியாய்ச் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

கிலோமீட்டரை மட்டும் எண்ணும் கட்டணம் இவற்றில் ஒன்றையும் எண்ணுவதில்லை. அதனால் என்ன நடக்கும்? கட்டணத்தைக் குறைத்து வைத்தால் வண்டி மலை ஏற மறுக்கும், அல்லது ரகசியமாய் மேலதிகம் கேட்கும். சென்னையில் 2013-இல் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். பின்னாளில் அந்த மீட்டர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரிந்ததே. காலத்துக்கேற்ப மாற்றாத கட்டணமும், கேட்க ஆளில்லாத கட்டணமும் காகிதத்தில்தான் இருக்கும்.

அண்டை மாநிலமான கேரளம் 2024-இல் இதைக் கொஞ்சம் கவனித்துச் செய்தது. வண்டியின் வகைக்குத் தக்கபடி கட்டணம் வைத்தார்கள். உயர்தர வண்டிக்கு முதல் 10 கிலோமீட்டருக்கு 2,500 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 50 ரூபாய். முதல் ஒரு மணி நேரத்துக்குமேல் காத்திருந்தால் மணிக்கு 350 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு உயர்தர வண்டியில் 20 சதவீதத் தள்ளுபடி. ஓட்டுநரின் காத்திருப்பையும் ஏழையின் நிலையையும் ஒரே பட்டியலில் எண்ணியிருக்கிறார்கள் என்பதே எங்களுக்குப் பிடித்த அம்சம்.

கட்டணம் மட்டும் போதுமா?

வண்டி மலிவாய் இருந்தும் வராவிட்டால் என்ன பயன்? அமெரிக்காவில் 1960-கள் வரை பல ஊர்களில் ஈமச்சடங்கு நடத்துகிறவர்களே ஆம்புலன்சும் ஓட்டினார்கள். உயிரோடு இருப்பவரைக் கொண்டுபோன அதே வண்டி சவத்தையும் கொண்டுபோயிற்று. விபத்தில் காயப்பட்டவர்கள் தக்க கவனிப்பின்றி இறப்பதை 1966-இல் அங்குள்ள தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை எடுத்துக்காட்டியது. அதற்குப் பின்புதான் பயிற்சியும் தரமும் வந்தன. கலிபோர்னியாவில் 1980-இல் வந்த சட்டத்துக்குப் பின், நம் மாவட்டத்தைப் போன்ற 'கவுண்டி' நிர்வாகங்கள் பகுதி பகுதியாய்ப் பிரித்துத் தனியார் வண்டிகளோடு உடன்படிக்கை செய்யலாயின. இந்தப் பகுதியில் ஓட்டும் உரிமை உனக்கு, ஆனால் அழைத்தால் இத்தனை நிமிடத்துக்குள் நீ போய்ச் சேர வேண்டும், தாமதித்தால் அபராதம் என்பது அங்குள்ள முறை. லாபமுள்ள நகரத்தை வைத்துக்கொண்டு தூரத்துக் கிராமத்தைத் தள்ளிவிட முடியாது. உரிமையோடு கடமையும் கட்டப்பட்டிருக்கிறது.

நம் மலைகளுக்கு இது எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு துக்கமான சாட்சி உண்டு. 2023 மே மாதத்தில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலைக்கிராமத்தில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோயிற்று. உடலைத் திரும்பக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், மேலே வண்டி போகும் சாலை இல்லாததால் பாதி வழியில் நின்றுவிட்டது. தாய் தன் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலை ஏறினாள். அங்கே கட்டணப் பிரச்சினையே இல்லை. வண்டி இருந்தும் வழி இல்லை. சாலையும் வண்டியும் கட்டணமும் ஒன்றாய்ச் சேர்ந்து வந்தால்தான் மலைவாசிக்கு ஆம்புலன்ஸ் என்பது உண்மையாகும்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். விதிகள் டில்லியிலும் சென்னையிலும் உண்டாகின்றன. பேரம் நடப்பதோ எங்கள் வாசலில். கேள்வி கேட்கும் அதிகாரி மலையிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரின் தலைமையில் போக்குவரத்து அலுவலரும் சுகாதாரத் துறையினரும் வண்டி உரிமையாளர்களும் உட்கார்ந்து, ஏற்காட்டுக்கென்று மலைக்கட்டணம் ஒன்றைப் பேசி முடிவு செய்து, அதை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பஸ் நிலையத்திலும் பலகையில் எழுதி வைத்தால், பாதிச் சண்டை தீர்ந்துவிடும். தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வாழவந்தி மக்கள் அங்கே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர முடியும்.

எங்கள் குறையும், செய்யத் தொடங்கியதும்

மற்றவர்களைச் சொல்லுமுன் எங்களைச் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலாளியை வண்டியில் ஏற்றியபோது நாங்கள் பக்கத்தில் நின்று ஜெபித்தோம். கட்டணம் எவ்வளவு என்று ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது, உடன் போவது யார் என்றும் பார்க்கவில்லை. மகனுக்குப் பேரம் பேச வாய் வராத நேரத்தில் எங்களுக்கு வாய் இருந்தது. அதை நாங்கள் பயன்படுத்தவில்லை. இது எங்களை வெகுவாய் வருத்தியது.

இப்போது எங்கள் வரவேற்பு மேசையில் ஒரு தாள் இருக்கிறது. எந்த வண்டி வந்தாலும், நோயாளியை ஏற்றுமுன் எங்கள் நர்ஸ் நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதுகிறார். வண்டி எந்த வகை? உடன் வருகிறவர் யார், அவருக்குப் பயிற்சி உண்டா? சிலிண்டரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது? மலை, காத்திருப்பு, திரும்பும் பயணம் எல்லாம் சேர்த்து மொத்தக் கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா? இதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகிறது. நல்ல ஓட்டுநர்கள் இதை வரவேற்கிறார்கள். "முன்னாடியே எழுதிட்டா எங்களுக்கும் கெட்ட பேர் இல்லைங்க ஐயா" என்றார் ஒருவர்.

உங்களுக்கும் இது உதவும். உங்கள் வீட்டில் அவசரம் நேர்ந்தால் முதலில் 108-ஐ அழையுங்கள். தனியார் வண்டிதான் என்றால் இந்த நான்கு கேள்விகளை மறவாதிருங்கள். சாலையில் ஆம்புலன்சைக் கண்டால் உடனே ஒதுங்குங்கள். வழிவிடாதவருக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. அதே சட்டம், விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை வழக்குகளிலிருந்து பாதுகாக்கிறது. ஆகவே பயந்து விலக வேண்டியதில்லை.

அந்தச் சட்டப் பிரிவை உலகமெங்கும் நல்ல சமாரியன் சட்டம் என்றே அழைக்கிறார்கள். அந்தச் சமாரியன் காயப்பட்டவனைத் தன் மிருகத்தின்மேல் ஏற்றினதோடு நின்றுவிடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு நாள் கூலியை எண்ணிக் கொடுத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று முன்னதாகவே பேசி வைத்தான். காயப்பட்டவன் கையில் பேரத்தை விட்டுப் போகவில்லை. நாங்கள் இத்தனை வருஷம் இந்த உவமையைப் பிரசங்கித்தும், அந்தக் கணக்குப் பேச்சை இப்போதுதான் கவனித்தோம்.

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி, வண்டிக் கூலி கொடுக்க வழியில்லாத நோயாளிகளுக்காகச் செலவாகிறது. இனி அது எழுதப்பட்ட கட்டணத்துக்கும் ரசீதுக்கும் மட்டுமே கொடுக்கப்படும். இரவில் மலை இறங்கும் ஓட்டுநர்களுக்காகவும், வண்டி எட்டாத ஊர்களில் தூளி கட்டி நோயாளியைத் தூக்கி வருகிறவர்களுக்காகவும், நீதியாய் முடிவெடுக்க வேண்டிய அதிகாரிகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவரின் பணியில்,
உங்கள் ஆஸ்பத்திரிக் குருவானவர்