பாறையில் பிளவு செல்லும் வழி

பெங்களூர் நகரம் ஏறத்தாழ 300 கோடி ஆண்டுத் தொன்மையுடைய நைஸ் பாறையின்மீது அமைந்துள்ளது. லால்பாக் குன்றில் அதனை எவரும் நேரில் காணலாம். மெட்ரோ இரயிலின் நிலத்தடி நிலையங்களுக்காக இப்பாறையை நகரின் நடுவிலேயே வெடிவைத்துத் தகர்க்க நேர்ந்தது. பாறையை உடைப்பது பெரிதன்று; எல்லைக் கோட்டிற்கு அப்பால் விரிசல் செல்லாமல் தடுப்பதே அரிது. அப்பால் குடியிருப்புகள் உள்ளன.

கருங்கல் பேரழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையையோ அதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே தாங்கும். துளை நிறைய மருந்தைத் திணித்து வெடித்தால் துளையின் சுவர் நொறுங்கி, விரிசல்கள் நாற்புறமும் ஓடும். ஆகவே எல்லைக் கோட்டில் நெருக்கமாகத் துளையிட்டு, துளையினும் மெலிந்த மருந்துக் குச்சிகளை வைப்பர். சூழ்ந்துள்ள காற்று அதிர்ச்சியைத் தணிக்கும். துளைகள் ஒரே கணத்தில் வெடிக்கவே, இழுவிசை அவற்றினிடையே குவிந்து பிளவு கோட்டின் வழியே செல்லும். (வகுப்பில் தபால்தலைத் தாளைக் கிழித்துக் காட்டலாம்.) பின்னரே உட்பாறை தகர்க்கப்படும், அதன் விரிசல்கள் இம்முன்பிளவோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

நில அதிர்வை முன்பிளவு அவ்வாறு தடுப்பதில்லை. அதற்கு ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் அளவையே குறைத்தல் வேண்டும். வீடுகள் மிக அண்மையிலிருப்பின், மருந்திடாத வெற்றுத் துளைகளை வரிசையாக இடுவதும் உண்டு.

19ஆம் நூற்றாண்டில் பெங்களூர்க் கல்லுடைப்போர் வெடிமருந்தின்றியே, விறகுத் தீயைப் பாறைமேல் மெல்ல நகர்த்தி, பெரும் பலகைகளைப் பெயர்த்தனர். சம்மட்டியால் தட்டி, ஒலி மாறுவதைக் கொண்டே பிளவு எதுவரை சென்றதென அறிந்தனர். வெடியில் இடையே நிறுத்திக் கேட்க இயலாது. துளை கோணினால் பிளவும் கோணும். எனவே மருந்திடுமுன் ஒவ்வொரு துளையின் சாய்வையும் ஆழத்தையும் அளந்து பார்த்தல் வேண்டும்.