வளரும் பிள்ளையின் முதுகெலும்பு

பன்னிரண்டு வயது மகளின் சட்டை ஒரு தோளில் ஏறியும் மறு தோளில் இறங்கியும் நிற்பதைக் காணும் தாய், முதலில் தையற்காரரைக் குறை கூறுவாள். அடுத்து, "நிமிர்ந்து நில்" என்று மகளைக் கடிந்துகொள்வாள். இரண்டுமே பயனற்றவை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே திருகியும் கொள்ளும் இந்நிலையை மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்பர். இது கூனன்று. எக்ஸ்ரே படத்தில் 10 பாகையோ அதற்கு மேலோ வளைந்திருந்தால்தான் இப்பெயர் பெறும். வளரிளம் பருவத்தினருள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு; பெரிய வளைவுகள் பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கே. புத்தகப் பையின் சுமையோ, உட்காரும் முறையோ இதற்குக் காரணமல்ல. மரபணுக்களுக்குப் பங்குண்டு என்ற அளவில்தான் ஆராய்ச்சி நிற்கிறது.

சிறு வளைவாயின் மருத்துவர் கவனித்து வருவார். 50 பாகையை எட்டினால், வளர்ச்சி நின்ற பின்னரும் அது கூடக்கூடும் என்பதால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவர்களுக்கே பிரேஸ் எனும் முதுகுக் கவசம். 1940-களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உருவான கவசம், இடுப்பிலிருந்து மோவாய் வரை உயர்ந்து நிற்கும். இன்று பெரும்பாலும் வழங்குவது, உடைக்குள்ளே மறையும் பிளாஸ்டிக் கவசம்.

ஆனால், அது உண்மையில் பயன் தருகிறதா? அரை நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் இதில் ஒருமனப்படவில்லை. இதற்கு விடை காண, அயோவா பல்கலைக்கழக மருத்துவர் ஸ்டுவர்ட் வைன்ஸ்டைன் குழுவினர் 2007-இல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 25 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். யாருக்குக் கவசம், யாருக்கு வேண்டாம் என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிப்பதே திட்டம். பெற்ற மனம் அதற்கு இசையுமா? பலர் மறுத்தனர். எனவே, விரும்பியதைத் தேர்ந்துகொள்ளவும் இடமளித்தனர். இறுதியில் சேர்ந்த 242 பேருள் 116 பேரே குலுக்கலுக்கு உட்பட்டவர்கள்.

2013-இல் முடிவு வெளியானது. கவசம் அணிந்தவர்களுள் 72 சதவீதத்தினர் 50 பாகையை எட்டாமலே வளர்ச்சியை நிறைவு செய்தனர். அணியாதவர்களுள் 48 சதவீதத்தினர். பயன் தெளிவாகிவிட்டதால் ஆய்வை முன்னதாகவே நிறுத்தினர். கவசத்தினுள் வைத்த சிறு கருவி உடற்சூட்டைக் கொண்டு அணிந்த நேரத்தைக் கணக்கிட்டது. நாளொன்றுக்குச் சராசரி 13 மணி நேரம் போல அணிந்தவர்களுள் பத்தில் ஒன்பது பேர் தப்பினர். ஆறு மணிக்கும் குறைவாக அணிந்தோர் அணியாதவர்களைவிட மேலான பயன் அடையவில்லை.

எனவே, வீட்டின் பங்கு பெரிது. தோழியர் கேலி செய்வர் என்று மகள் கழற்றி வைப்பாள். திருமணப் பேச்சு கெடும் என்று அஞ்சிப் பெற்றோரும் அதற்கு உடன்படுவர். இந்த அச்சத்திற்கு ஆளாவோர் அயோவாவின் மற்றோர் ஆய்வையும் அறிய வேண்டும். சிகிச்சையே பெறாதவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்டது அது. முதுகுவலி அவர்களுக்குச் சற்று மிகுதியே. ஆயினும் ஆயுள் குறையவில்லை, பெரும்பாலோர் உழைத்து நல்வாழ்வு வாழ்ந்தனர். மறைக்க வேண்டிய இழுக்கு இதில் என்ன இருக்கிறது?

புதுமுறைகளும் வருகின்றன. எலும்புகளை ஒன்றாகப் பிணைத்துவிடாமல், வளைந்து கொடுக்கும் கயிற்றால் இழுத்துக்கட்டும் அறுவைக்கு 2019-இல் அமெரிக்க அரசு வரம்புக்குட்பட்ட அனுமதி வழங்கியது. கயிறு அறுந்து மறு அறுவை நேர்வதும் உண்டாகையால் அவசரம் வேண்டாம். இரவில் மட்டும் அணியும் கவசம் நற்பயன் தருவதாக 2024-இல் சுவீடன் நாட்டு ஆய்வொன்று காட்டியது. பள்ளியில் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இது நற்செய்தியே.

கண்டறிய வீட்டிலேயே ஒரு வழியுண்டு. பிள்ளையை முழங்கால் மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டு முன்புறம் குனியச் சொல்லிப் பின்னிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பெண்பிள்ளை பூப்பெய்துவதற்குச் சற்று முந்திய மாதங்களில்தான் உயரமும் வளைவும் விரைந்து கூடுகின்றன. கவசம் பயன் தருவதும் வளர்ச்சி நிற்கும் வரையில்தான்.