தாள்களைக் காக்கும் பை

ஐப்பசி நெருங்கும்போது குடியானவர் வரப்பைப் பார்க்கிறார், வாய்க்காலைப் பார்க்கிறார். உப்பளத்தில் பாடுபடுவோர் அம்பாரத்தை மூடக் கீற்றும் தார்ப்பாயும் தேடுகின்றனர். இல்லத்தரசி கூரையின் ஒழுக்கைச் சுட்டிக் காட்டுகிறாள். ஆனால் வீட்டின் சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு பையை எடுத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. குடும்ப அட்டை, நிலப் பத்திரம், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகிய யாவும் அந்தப் பையில்தான் இருக்கின்றன.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மரக்காணம் உப்பளங்கள் வெள்ளக் காடாயின. அதன் பின்னர் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் வீடு வீடாகச் சென்றபோது, ஒரு மூதாட்டி தம் ரெக்சின் பையை நம்மிடம் காட்டினார். அதன் அடிமூலை முன்பே கிழிந்திருந்தது. அதை அவர் தம் கையாலேயே நெருக்கமாக, அழகாகத் தைத்து வைத்திருந்தார். புயலிலும் அந்தத் தையல் பிரியவில்லை. எனினும் உள்ளே இருந்த மனைப் பத்திரத்தின் மை கரைந்து, பாதி எழுத்துகள் மறைந்துவிட்டன. "தையல் விடவில்லையே ஐயா, தண்ணீர் எப்படிப் போயிற்று?" என்று அவர் கேட்டார். இந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துணி வேறு, பூச்சு வேறு

நாம் ரெக்சின் பை என்றும் தார்ப்பாய்ப் பை என்றும் கூறுபவை யாவும் இரண்டு பொருள்களின் சேர்க்கை. துணி பாரத்தைத் தாங்குகிறது. அதன் மேல் உள்ள பூச்சு நீரைத் தடுக்கிறது. கிழிசல் ஏற்பட்டால் இரண்டு வேலைகளும் கெடுகின்றன. தைத்தால் துணியின் வலிமை திரும்பும். பூச்சின் காவல் திரும்பாது. மாறாக, ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் நீருக்குப் புதிய வாயிலாகிறது. மூதாட்டியின் பத்திரத்தை நனைத்தது கிழிசல் அன்று. அவர் அக்கறையோடு போட்ட தையலின் துளைகளே.

இது பழைய அனுபவம். ஸ்காட்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் சார்லஸ் மக்கிண்டாஷ் என்பவர் ரப்பரை நாஃப்தா எண்ணெயில் கரைத்து, இரு துணிகளுக்கு இடையே பூசி, நீர் புகாத துணி செய்யும் முறைக்கு 1823ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். துணி நீரைத் தடுத்தது. ஆனால் தையற்காரர்கள் அதை வெட்டி மேலங்கி தைத்தவுடன், தையல் துளைகளின் வழியே மழைநீர் உள்ளே இறங்கியது. இருநூறு ஆண்டுகள் கழிந்தும் நம் வீடுகளில் நேர்வது இதுவே.

முதலில் வகை அறிதல்

ரெக்சின் என்பது ஒரு காலத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு செயற்கைத் தோல் துணியின் வணிகப் பெயர். இன்று அப்பெயரால் நாம் வாங்குவது பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணி. பள்ளிப் பைகள், பயணப் பைகள் பலவற்றின் உட்புறத்தில் மெல்லிய ஏடு போல் இருப்பது பாலியூரித்தேன் பூச்சு. நீல நிறத் தார்ப்பாயும், மேலே பளபளப்பான ஏடு ஒட்டிய சாக்குப் பைகளும் பாலித்தீன் போன்ற இனத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு ஏற்ற பசை மற்றொன்றில் ஒட்டாது. ஆகவே வகையை அறியாமல் பசை வாங்குவது வீண் செலவு.

எளிய சோதனை ஒன்றுண்டு. பையின் உள்விளிம்பில் எள்ளளவு துண்டு வெட்டி, ஒரு சொட்டுச் சோப்பு கரைத்த நல்ல நீரில் அமிழ்த்தி விட வேண்டும். பாலித்தீன் இனம் மிதக்கும், பி.வி.சி. பூச்சுத் துணியும், பாலியூரித்தேன் பூசிய பாலியெஸ்டர் துணியும் மூழ்கும். இச்சோதனையை உப்பளப் பாத்தி நீரில் செய்தல் கூடாது. உப்பு விளையும் நிலையில் அந்நீர் நல்ல நீரைவிட ஏறக்குறைய 1.2 மடங்கு கனமுடையது. ஆதலால் மூழ்க வேண்டியதும் அதில் மிதந்து நம்மை ஏமாற்றக் கூடும். எரித்துப் பார்ப்பதும் வேண்டாம், பி.வி.சி. எரியும் புகை நஞ்சாகும்.

பழுது பார்க்கும் முறை

முதலாவது, சேதத்தைக் காணுதல். இருட்டறையில் பைக்குள் கைவிளக்கை ஏற்றி வைத்தால், ஊசித் துளைகளும் மடிப்பில் விட்ட வெடிப்புகளும் ஒளிப் புள்ளிகளாகத் தெரியும். அவற்றைச் சாக்குக் கட்டியால் குறித்துக் கொள்ளவும்.

இரண்டாவது, உப்பை நீக்குதல். கடற்காற்றில் தொங்கும் பையின் இழைகளில் உப்பு படிந்திருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. அதன்மேல் பசை பிடிக்காது. நல்ல நீரும் சிறிது சோப்பும் கொண்டு மெல்லிய துணியால் துடைத்து, மீண்டும் நல்ல நீரில் அலசி, நிழலில் முழுவதும் உலர்த்த வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், சலவைத்தூள் ஆகியவற்றைத் தொடவே கூடாது; அவை பூச்சைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, தைத்தல். துணி கிழிந்திருந்தால் மட்டுமே தைக்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலே ஏற்றது. தையல் மிக நெருக்கமாக இருத்தல் கூடாது. நெருங்கிய துளைகள் தபால்தலைத் தாளின் ஓரத் துளைகளைப் போலாகி, அந்த வரியிலேயே துணி கிழிந்துவிடும். 4 அல்லது 5 மில்லிமீட்டர் இடைவெளி போதுமானது.

நான்காவது, ஒட்டுப் போடுதல். இதுவே பலர் விட்டுவிடும் வேலை. ஒட்டுத் துண்டு, கிழிசலின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 3 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு விரற்கடை, அதிகமாக இருக்க வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டினால் ஒட்டு எளிதில் பெயராது. பி.வி.சி. பைக்கு ஒட்டுத் துணியை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விழா முடிந்து எறியப்படும் பிளெக்ஸ் பேனரும் பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணியே. அச்சிடாத பக்கத்தில் பசை தடவ வேண்டும்.

பசையைப் பொறுத்தவரை, காலணித் தொழிலாளர் உபயோகிக்கும் பாலியூரித்தேன் பசை பி.வி.சி., பாலியூரித்தேன் ஆகிய இரு பூச்சுகளுக்கும் ஏற்றது. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் கரைசல் ரப்பருக்கு உரியது. பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து அந்தப் பிடியை நாளடைவில் தளர்த்திவிடும். தண்ணீர்க் குழாய் ஒட்டும் பசை காய்ந்ததும் விறைத்துப் போகும். பை மடியும்போது அவ்விடம் வெடிக்கும். ஒட்டும் இரு பரப்புகளையும் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துத் துடைத்து, இரண்டிலும் மெல்லியதாகப் பசை தடவி, டப்பாவில் கூறியுள்ள நேரம் காய விட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஒருநாள் முழுவதும் மேலே கனம் வைக்கவும். தையல் வரி முழுவதும் ஒட்டின் கீழ் மறைந்திருக்க வேண்டும். பையின் உட்புறம் ஒட்டுவது சிறந்தது. வேலையைத் திறந்த இடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் விலகிச் செய்தல் அவசியம்.

பாலித்தீன் இனத்தில் சாதாரணப் பசை எதுவும் நிலைத்து நில்லாது. அதற்குத் தார்ப்பாய்க்கென விற்கும் ஒட்டு நாடாவை இருபுறமும் ஒட்டலாம். அல்லது சூடேற்றி இணைக்கும் கருவி வைத்துள்ள தார்ப்பாய்க் கடையில் கொடுக்கலாம்.

ஐந்தாவது, சோதித்தல். உலர்ந்த செய்தித்தாளைப் பைக்குள் நிரப்பி மூடி, வெளிப்புறம் முழுவதும் ஒரு குடம் நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். பிறகு திறந்தால், தாள் நனைந்த இடமே குறையுள்ள இடம்.

பேணுதல்

பையை வெயிலில் போடுதலும், ஒரே மடிப்பில் நெடுநாள் மடித்து வைத்தலும் பூச்சை வெடிக்கச் செய்யும். ஆணியில் தொங்கும் பை காற்றில் ஆடிச் சுவரில் உராய்ந்து தேயும். உயரமான பலகை மீது வைப்பது நன்று. இரும்பு ஜிப்பு உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்தபின் மெழுகுவத்தியால் பற்களைத் தேய்த்தால் அது இலகுவாக ஓடும்.

ஒன்றை ஒளிவின்றிக் கூற வேண்டும். பூச்சு எங்கும் பிசுபிசுத்து அல்லது செதில் செதிலாக உரிந்து வந்தால் அந்தப் பைக்கு ஒட்டுப் பயன் தராது. அதனைக் காய்கறிக்கு வைத்துக்கொண்டு, தாள்களுக்கு வேறு பை தேட வேண்டும். மேலும், நன்கு பழுது பார்த்த பையும் மழையைத் தாங்குமேயன்றி வெள்ளத்தில் மூழ்கினால் தாங்காது. ஜிப்பு வழியே நீர் புகும். ஆதலால் தாள்களைத் தடித்த பாலித்தீன் உறையில் இட்டு, வாயை இருமுறை மடித்துக் கட்டி, அதன் பின்னரே பையில் வைக்க வேண்டும். மூலப் பத்திரங்களை லேமினேஷன் செய்துவிட வேண்டாம். பின்னர் பிரிக்க இயலாது. எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் தாள்கள் நனைந்துவிட்டால், வெயிலில் போடாமல், செய்தித்தாள்களுக்கிடையே பரப்பி நிழலில் உலர்த்துக.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

பட்டா, சிட்டா போன்ற பலவற்றின் நகல்களை இன்று கணினி வழியே பெறலாம், உண்மையே. ஆனால் பழைய கிரயப் பத்திரத்தின் மூலப் படியும், அடகுச் சீட்டும், கைப்பட எழுதிய ரசீதும் கணினியில் இல்லை. கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. கடல் கடந்து வந்த குடும்பத்துக்கு, பாட்டனாரின் பிறப்புச் சான்று ஒன்று நனைந்து போனால், அதை எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது?

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு யோசனை கூற விரும்புகிறோம். அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாகவே அமைகிறது. அன்று ஒவ்வொரு குடும்பமும் தன் பையைப் பரிசோதிக்கும்படி அறிவிக்கலாம். தையல் இயந்திரம் உள்ள மகளிர் சுயஉதவிக் குழுவினரும், ஊரிலுள்ள காலணித் தொழிலாளரும் கூலிக்கு இவ்வேலையைச் செய்து கொடுக்கலாம். அவர்களுக்கும் வருமானம் உண்டு. பஞ்சாயத்தின் தீர்மானப் புத்தகம் வைக்கும் பையை முதலில் சோதித்து வழிகாட்டுவது தலைவரின் கடமை.

அந்த மூதாட்டியின் பையை உள்ளிருந்து ஒட்டுப் போட்டுத் திருப்பித் தந்தோம். பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்குப் பதிவு அலுவலகத்தில் மனுச் செய்யவும் துணை நின்றோம். நகல் வந்தது, ஆனால் ஓரத்தில் காலஞ்சென்ற அவர் கணவர் எழுதி வைத்திருந்த நாலு வரி வரவில்லை. அடுத்த மழைக்கு முன் உங்கள் பையை ஒருமுறை விளக்கொளியில் பாருங்கள்.