பார்வையின் நடுவில் மட்டும் ஏன் மங்கல்?

நாளிதழை விரிக்கிறீர்கள். ஒரு கண்ணுக்கு மட்டும், படிக்கும் எழுத்தின் மேலேயே சாம்பல் வட்டம். கோடுகள் வளைகின்றன. வலியில்லை, சிவப்பில்லை. என்ன ஆயிற்று?

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கவிநாடு கண்மாய் தளும்பி நிற்கும்போது கரையில் ஓரிடம் இளகினால், அடுத்த வயலில் நீர் தேங்கும் அல்லவா?

விழித்திரைக்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு படலம் உண்டு, பெயர் கோராய்டு. தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். சிலருக்குக் குழாய்கள் வீங்கி அது 0.4 மி.மீட்டரையும் தாண்டும். அதுதான் தளும்பும் கண்மாய். கரை எது? ஒரே ஒரு செல் அடுக்கு! அழுத்தத்தில் அது ஓரிடத்தில் விட்டுக்கொடுக்க, நீர் கசிந்து விழித்திரையைத் தூக்குகிறது.

1866இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபான் கிரேஃபே இந்நோயை விவரித்தார். தடித்த கோராய்டை அளந்து காட்டியதோ, கண்ணின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் இந்த நூற்றாண்டின் ஓ.சி.டி. ஸ்கேன்.

நடுவயது ஆண்களுக்கே அதிகம் வருகிறது. ஸ்டீராய்டு பெரிய தூண்டுகோல்: மாத்திரை மட்டுமல்ல, ஊசியும் களிம்பும்கூட. மூட்டுவலிக்கு வாங்கும் பெயரில்லாப் பொடியையும் நான் சந்தேகிப்பேன்.

பலருக்குச் சில மாதங்களில் நீர் தானே வற்றும். ஆனால் புதுக் குழாய்கள் முளைத்து ரத்தம் கசிந்தால் கண்ணுக்குள் ஊசி தேவைப்படலாம். மருத்துவர் எழுதித்தந்த ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.