கவிஞர் பெயரைச் சொல்லிப் பாடுகிறார்கள்

மராத்தியில் 'பாவ்கீத்' என்றொரு பாட்டு வகை உண்டு. நம் வாயில் அது பாவகீதம். கவிஞர் எழுதிய கவிதையை, பெரும்பாலும் காதல் கவிதையை, இசையமைப்பாளர் ஒருவர் மெட்டமைக்க, பாடகர் மூன்று நான்கு நிமிடங்களில் பாடி முடிப்பார். அதில் சாமியும் கிடையாது, சினிமாக் கதையும் கிடையாது. முப்பது வருடப் புனே வாசத்தில் எனக்கு மிகவும் பிடித்துப் போனது இதுதான். (இரண்டாவது, பாகர்வடி.)

இதன் வேரைத் தேடினாலும் புனேக்குத்தான் வரவேண்டும். 1923-இல் இங்கே 'ரவிகிரண் மண்டல்' என்ற கவிஞர் குழு தோன்றியது. மாதவ் ஜூலியன், யஷ்வந்த், கிரீஷ் முதலானோர் அதில் இருந்தார்கள். தங்கள் கவிதைகளைச் சபையில் ராகத்தோடு பாடிக் காட்டுவது இவர்கள் வழக்கம். மாதவ் ஜூலியன் (1894–1939) ஃபெர்குசன் கல்லூரியில் பாரசீகம் கற்பித்தவர்; கஜலை மராத்திக்குக் கொண்டுவந்தவர். காதலை மூடி மறைக்காமல் எழுதியதற்காகப் பெரியவர்களிடம் ஏச்சும் வாங்கியவர்.

1930களின் தொடக்கத்தில் ஜி.என். ஜோஷி, நா.க. தேஷ்பாண்டேயின் கவிதையை கிராமபோன் தட்டில் பாடினார். தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். பாவகீதத்தின் அளவை நிர்ணயித்தது அந்தத் தட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறகு கஜானன்ராவ் வாட்வே (1917–2009) அதைக் கணபதி விழா மேடைகளுக்குக் கொண்டுபோனார். பாட்டு வீதிக்கு வந்துவிட்டது. 1960களில் மங்கேஷ் பாட்காவ்கர் எழுதி, ஸ்ரீநிவாஸ் களே மெட்டமைத்து, அருண் தாதேயும் சுதா மல்ஹோத்ராவும் பாடிய 'சுக்ரதாரா'வை அறியாத மராத்தி வீடு இருக்குமா என்பது சந்தேகமே. அருண் தாதே நெசவாலைப் பொறியாளர். 2018-இல் காலமானார்.

இந்தக் கச்சேரிகளுக்குப் போனால் ஒன்றைக் கவனிப்பீர்கள். பாட்டுக்கு முன்னால் நிகழ்ச்சித் தொகுப்பாளர் கவிஞரைப் பற்றிச் சில வார்த்தை பேசுவார். பிறகு மெட்டமைத்தவர் பெயர். அப்புறம்தான் பாட்டு. பாடும்போதும் சொல்லுக்கே முதலிடம். ராகம் நிழல் போல வரும். தானங்களை அள்ளி வீச மாட்டார்கள். ஒரே வரியைப் பத்து சங்கதியில் கேட்டுப் பழகிய நம் காதுக்கு முதலில் சற்றுச் சப்பென்றுதான் இருக்கும். நாலைந்து கச்சேரி கேட்டால் ருசி தெரியும்.

மேல்நாட்டிலும் இப்படி ஒரு மரபு உண்டு. வியன்னாவின் ஷூபர்ட் 1814-இல், பதினேழு வயதில், கெதேயின் கவிதை ஒன்றுக்கு இசையமைத்தார். முப்பத்தோரு வயதில் இறப்பதற்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். ஒரு பாடகர், ஒரு பியானோ, அவ்வளவுதான்.

தமிழில் இதற்கு என்ன குறை? பாரதியின் 'கண்ணன் பாட்டை' எடுத்துப் பாருங்கள். 'கண்ணம்மா – என் காதலி' பகுதியில் 'காட்சி வியப்பு' என்ற பாட்டுக்கு செஞ்சுருட்டி ராகம், ஏக தாளம் என்று குறித்ததோடு, ரசங்கள் சிருங்காரம், அற்புதம் என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். இதற்குமேல் ஒரு கவிஞர் என்ன செய்ய முடியும்? ஆனால் புனேயிலேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு அது 2000-இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படப் பாட்டு. பாட்காவ்கரைக் கவிஞர் என்று அறிந்தவள் பாரதியை சினிமா வழியாகத்தான் கேட்டாள். பாரதிதாசனுக்கும் இதே கதிதான். எம்.எம். தண்டபாணி தேசிகர் தேஷ் ராகத்தில் அமைத்த அவருடைய காதல் பாட்டு ஒன்றை, 'ஓர் இரவு' (1951) படப் பாட்டாகத்தானே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்? சினிமாவை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இவ்வளவு பேர் காதில் விழுந்திருக்காது. ஆனால் படத்தின் பெயர் நினைவிருக்கிறது, கவிஞரின் பெயர் பின்னால் போய்விடுகிறது.

சென்ற ஆண்டு ஒரு கலைவிழாவுக்குக் காதல் கவிதைப் பாட்டு என்று பெயர் கொடுத்தேன். "பக்தியா, சினிமாவா? எதில் போடட்டும்?" என்றார் பட்டியல் எழுதிய நண்பர். மூன்றாவது பத்தி அந்தத் தாளில் இல்லை.

இந்த டிசம்பர் பாரதி விழாவில் அரைமணி நேரம் கேட்டிருக்கிறேன். ஆறு பாட்டு, பாரதி குறித்த ராகங்களிலேயே. பக்கத்து வீட்டு மராத்தி நண்பர் ஹார்மோனியம் வாசிக்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் வரிக்கு வரி அர்த்தம் தெரியாமல் கை வைக்க மாட்டாராம். ஞாயிறுதோறும் உட்கார்ந்து மராத்தியில் எழுதிக் கொடுத்து வருகிறேன். 'கண்ணம்மா'வை எப்படிச் சொல்வது என்றுதான் விளங்கவில்லை. அதே நூலில் அவள் குழந்தையாகவும் வருகிறாள், காதலியாகவும் வருகிறாள், குலதெய்வமாகவும் வருகிறாள். பாடத் தெரிந்தவர்கள், குறிப்பாக இளைஞர்கள், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்து கலந்துகொள்ளலாம்.