காலை 11 மணிக்கு வீடு பார்க்காதீர்கள்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது. மேடவாக்கத்தில் ஒரே தெருவில் இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மூன்றாம் மாடி, அதற்கு மேலே மொட்டை மாடிதான். தெற்குப் பார்த்தது, வாடகை 14,000. இன்னொன்று முதல் மாடி, வடக்குப் பார்த்தது, 17,500. அளவு ஒன்றுதான். எதை எடுக்கலாம்? அறிவியல் ஏதாவது சொல்கிறதா?”

சொல்கிறது. ஆனால் சமூக ஊடகங்களில் சுற்றிவரும் ‘முடிவெடுக்கும் அறிவியலை’ நம்பி இறங்க வேண்டாம். பார்க்கும் வீடுகளில் முதல் 37 சதவீதத்தைக் கழித்துக்கட்டு, அதற்குப் பிறகு அவை எல்லாவற்றையும் விட நல்லதாக வரும் முதல் வீட்டைப் பிடித்துக்கொள் என்று ஒரு விதி உண்டு. கணக்கு சரிதான். வீடுகள் வரிசையாக நிறைய வர வேண்டும், விட்ட வீடு திரும்பக் கிடைக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் அதற்கு இருக்கின்றன. இரண்டே வீட்டில் 37 சதவீதம் என்றால் முக்கால் வீடு!

திசையைச் சட்டென்று முடித்துவிடுவோம். தெற்கு வெயிலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வருகிறது. அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆக, கத்திரி வெயிலின் உச்சிப்பொழுதில் தெற்குச் சுவர் நிழலில் இருக்கும். அது வெயில் காய்வது மார்கழியில். வாஸ்து என்ன சொல்கிறதோ அது வீட்டுக்காரர் பாடு. நீங்கள் பார்க்க வேண்டியது மேலே, கூரையை.

நம்மூர் கான்கிரீட் தளம் பெரும்பாலும் ஐந்து அங்குலக் கனம். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ், அதற்கும் மேலே தட்டோடு. மே மாதம் மதியம் ஒரு மணிக்கு அந்தத் தட்டோடு 60 டிகிரியை ஒட்டிப் போவது சாதாரணம். அந்தச் சூடு அப்போதே கீழே வந்துவிடுவதில்லை என்பதுதான் விஷயமே.

வெயில் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகிறது. கூரையின் மேல்முகத்தில் அது ஓர் அலை. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை மேடு, ஒரு முறை பள்ளம். அந்த அலை கான்கிரீட்டுக்குள் ஊர்ந்து இறங்குகிறது. ஒவ்வொரு படலமும் தான் சூடான பிறகுதான் அடுத்ததற்குக் கொடுக்கும். கொடுப்பதற்கு முன் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால் அலைக்கு இரண்டு கதி ஒன்றாக நேர்கிறது: தாமதமாகிறது, சிறுத்தும் போகிறது. சுமாரான கணக்கில், 15 சென்டிமீட்டர் கான்கிரீட்டைக் கடக்க அந்த மேட்டுக்கு நாலு மணி நேரம் ஆகும். கடந்து வரும்போது உயரம் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெதரிங் கோர்ஸும் சேர்ந்தால் தாமதம் ஐந்து, ஆறு மணி நேரம். ஒரு மணி வெயில் உங்கள் படுக்கையறைக் கூரைக்கு இரவு ஏழு மணிக்கு வந்து சேருகிறது. அப்புறமும் மெல்லத்தான் இறங்கும்.

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் ஒரு தோசை வேகும். இங்கே அடுப்பு கல்லுக்கு மேலே, தோசை கீழே. அந்தத் தோசை நீங்கள்தான். கூரைக்குக் கீழே படுத்தால் ஒரு பக்கம் வேகிறது, புரண்டு படுத்தால் மறுபக்கம். ஃபேன் போட்டால் கல்லை ஒட்டி நிற்கும் சூட்டுக்காற்றையும் சேர்த்து உங்கள்மேல் இறக்கும். ‘அதான் வெயில் இறங்கிடுச்சே சார்’ என்பார் வீட்டுக்காரர். அடுப்பு அணைந்ததைச் சொல்கிறார், கல்லைத் தொட்டுப் பார்த்துச் சொல்லவில்லை. கல் மெல்லியதாக இருந்தால், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால், மதியமே வேக வைத்துவிட்டு ராத்திரி ஆறிவிடும். வார்ப்பதற்கு முன் கல்லில் தண்ணீர் தெளிப்பதுகூட இங்கே உண்டு. சாயந்திரம் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதுதான்.

அந்தத் தண்ணீருக்குக் கணக்கும் இருக்கிறது. 500 சதுர அடித் தளம் கிட்டத்தட்ட 14 டன் எடை. அதை ஒரு டிகிரி குறைக்க மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்தாக வேண்டும். இரண்டு வாளித் தண்ணீர், 30 லிட்டர் என்று வையுங்கள், முழுதும் ஆவியானால் 20 யூனிட் வெப்பம் போகும். காகிதத்தில் அற்புதம். நிஜத்தில் பாதி நீர் குழாய் வழியே ஓடிவிடும். சென்னைப் புழுக்கத்தில் மீதி சோம்பலாகத்தான் ஆவியாகும். மூன்றாம் நாள் ‘ஒழுகுது, ஊத்தாதீங்க தம்பி’ என்று குரல் வரும். ஏசியும் இந்த 14 டன்னோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். கீழே காற்றைக் குளிர்விக்கக் குளிர்விக்க மேலேயிருந்து சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். கூரையின் அடிமுகம் 40 டிகிரியில் இருந்தால் நம் தோலைவிட அது சூடு. காற்று குளிர்ந்தாலும் அதன் கதிர்வீச்சு உடம்பில் விழும்.

‘கூல் ரூஃப்’ பெயிண்ட் விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் ‘10 டிகிரி குறைவு’ கூரையின் மேல்முகத்தில் அளந்தது. அறைக்குள் அதில் சொற்பம்தான் வந்து சேரும். வெள்ளையின்மேல் புழுதி படியப் படிய அதுவும் தேயும். சுண்ணாம்பு அடித்தால் இதே வேலை மலிவாக நடக்கும்; ஆண்டுதோறும் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரலாறு இல்லாமல் கட்டுரை முடியாது என்பார் ஆசிரியர், ஆகவே: வெப்பம் அலையாக உள்ளிறங்கும் கணக்கைப் போட்டவர் பிரெஞ்சுக்காரர் ஃபூரியே. அவருடைய நூல் 1822-இல் வந்தது. அவருக்குக் கவலை பூமியைப் பற்றி, வாடகை வீட்டைப் பற்றியல்ல. 1837-இல் எடின்பரோவின் கால்டன் குன்றில் ஃபோர்ப்ஸ் என்பவர் நீண்ட வெப்பமானிகளைப் பாறைக்குள் புதைத்துப் பார்த்தார். ஆழத்தில் கோடையின் சூடு குளிர்காலத்தில்தான் போய்ச் சேர்ந்தது. சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைகளும், தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியவை, இதே தாமதத்தைச் சமன்பாடு தெரியாமலே பயன்படுத்திக்கொண்டன. போதும்.

இப்போது அலையின் பள்ளத்தைப் பாருங்கள். மொட்டை மாடி மிகக் குளிர்ந்திருப்பது விடியற்காலை ஆறு மணிக்கு. அந்தக் குளிர்ச்சியும் அதே ஐந்து, ஆறு மணி நேரம் தாமதித்துத்தான் இறங்கும். ஆக, மேல்மாடி வீட்டுக் கூரை இருபத்துநாலு மணி நேரத்தில் மிக இதமாக இருப்பது முற்பகல் 11 மணி சுமாருக்கு. புரோக்கர் உங்களை எத்தனை மணிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்? ராத்திரி எட்டரைக்கு இன்னொரு தரம் போய், ஸ்டூல் போட்டு ஏறி, உள்ளங்கையைக் கூரையில் வைத்துப் பாருங்கள். பிறகு முதல் மாடியிலும் அதையே செய்யுங்கள். அங்கே உங்கள் கூரை இன்னொரு குடும்பத்தின் தரை. அதன்மேல் வெயில் படுவதே கிடையாது.

சரி, 17,500-ஐத்தான் எடுக்க வேண்டுமா? கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை: உங்கள் ஷிப்ட். காலை ஒன்பதுக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிறவர் என்றால், மேல்மாடி உங்களைச் சரியாகச் சூடு இறங்கும் நேரத்தில் வரவேற்கும். மிச்சமாகும் 3,500 கோடையில் ஏசிக்கே போய்விடலாம். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குத் தனி ரேட் போடுகிறவராக இருந்தால் இன்னும் மோசம். அமெரிக்க நேரத்து வேலை, விடிகாலை நாலு மணிக்கு கேப் வந்து இறக்கிவிடும் என்றால் கதை தலைகீழ். நீங்கள் தூங்கும் ஐந்திலிருந்து 11 வரை கூரை ஆறிக்கொண்டே வருகிறது. அது கொதிக்கும் ஏழு, எட்டு மணிக்கு நீங்கள் ஆபீஸ் ஏசியில் இருப்பீர்கள். 14,000 வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஜன்னலுக்குக் கனமான திரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுவார்கள். அட்வான்ஸைக் கொடுப்பதற்கு முன், ஷிப்ட் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்று கம்பெனி எச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.