மாயை என்றால் பொய்யா?

"எல்லாம் மாயை" என்று பெருமூச்சு விடுவோர் பலர். மாயை என்றால் இல்லாதது என்பதே அவர்கள் கருத்து. அத்வைதம் அவ்வாறு கூறவில்லை.

அரையிருளில் கிடக்கும் கயிறு ஒருவனுக்குப் பாம்பாகத் தோன்றுகிறது. கௌடபாதர் தமது மாண்டூக்கிய காரிகையில் எடுத்தாண்ட உவமை இது. அப்பாம்பு உள்பொருளா? விளக்கு வந்ததும் மறைவதால், அன்று. முற்றும் இல்பொருளா? கண்டவன் நடுங்கினானே! ஆதலால் அதுவும் அன்று. இவ்விரண்டிலும் அடங்காததை 'அநிர்வசனீயம்' என்பர். மாயையின் இயல்பு இதுவே.

அத்வைத நூலோர் உண்மையை மூன்று நிலைகளாக வகுத்தனர். கனவும் கயிற்றரவும் பிராதிபாசிகம். நாம் உண்டு உழைத்து வாழும் உலகம் வியாவகாரிகம். என்றும் மாறாத பிரமம் பாரமார்த்திகம். பிரம ஞானம் கைகூடும்வரை உலகம் பொய்யாவதில்லை.

நமக்குப் பழக்கமான சைவ சித்தாந்தமோ மாயையை என்றுமுள்ள பொருளாக, உலகுக்கு முதற்காரணமாகக் கொள்ளும். சொல் ஒன்று, கொள்கை இரண்டு. இதனை மயங்கலாகாது.

பசித்து வந்தவனிடம் "பசி மாயை" என்று சொல்லி அனுப்புவது வேதாந்தம் அன்று. அவன் பசியும் நம் வீட்டுச் சோறும் ஒரே நிலையைச் சேர்ந்தவை. ஆகவே சோறிடுவதே முறை.